ஐஸ் போட்ட நேரம்

திருத்தணி முருகனைத் தரிசித்துவிட்டுக் கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். மரத்தடியில் ஒரு மீன்காரர் ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். "இன்றைக்குப் பிடித்ததா?" என்று கேட்டு வைத்தேன்.

"பிடிச்ச நாளைக் கேக்காதீங்க சாமி, ஐஸ் எப்போ போட்டோம்னு கேளுங்க" என்றார்.

அவர் அறியாமலே ஒரு விஞ்ஞான சரித்திரத்தைச் சொல்லிவிட்டார்!

ரத்த ஓட்டம் நின்ற சில விநாடிகளிலேயே மூளை தன் கையிருப்பைச் செலவழிக்கத் தொடங்கிவிடுகிறது. பாஸ்போகிரியாட்டின் குறைகிறது; லாக்டிக் அமிலம் ஏறுகிறது. நிதானமாக எடுத்துச் சோதிக்கிறவருக்குக் கிடைப்பது உயிரின் கணக்கல்ல, சாவின் கணக்கு.

1935-இல் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி கெர் என்பவர் இதற்கு வழி தேடினார். முதல் உலகப் போருக்குப் பின் மராஷ் நகரில் ஆர்மீனிய அகதிகளுக்காக உழைத்தவர் அவர். மயக்கமூட்டிய பிராணியின் மூளையை, உயிர் இருக்கும்போதே திரவக் காற்றால் உறைய வைத்தார்.

பின்னால் திரவ நைட்ரஜன் வந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி! எலியை முழுதாக அதில் போட்டால் கணத்தில் உறையும் என்றுதானே நாம் நினைப்போம்? காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர்த்துளி துள்ளி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இடையிலே ஆவி மெத்தை விரித்துவிடுகிறது. அதேபோல் கொதிக்கும் நைட்ரஜனின் ஆவி எலிக்குப் போர்வையாகிவிட்டது. ரோமமும் மண்டையோடும் வேறு தடுத்தன. உள்மூளை உறைவதற்குள் பல விநாடிகள் ஓடிவிட்டன.

1973-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் வீச் குழுவினர், அழுத்தக் காற்றால் எலியின் மூளையை ஊதித் தள்ளி, முன்பே குளிர்வித்த உலோகத் தட்டுகளுக்கிடையே உறைய வைத்தார்கள். ஒரு விநாடிகூட ஆகவில்லை. ஆனால் எது எந்தப் பகுதி என்று தெரியாமல் எல்லாம் கலந்துவிட்டது. காலத்தைப் பிடித்தார்கள்; இடத்தைத் தொலைத்தார்கள்.

அந்த எலியின் கதி? மயக்க மருந்து கொடுத்தால் மூளையின் ரசாயனமே மாறுகிறது. கொடுக்காவிட்டால் மனம் உறுத்துகிறது. நம் நாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் வாதாடியதன் பயனாக 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. சோதனைகளைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் அது வகை செய்தது. சோதனையை அது தடுத்துவிடவில்லை, "அவசியந்தானா?" என்று கேட்க வைத்தது.

மூளை நோயால் வாடும் ஒரு குழந்தையைப் பார்த்தவர்கள், இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று எளிதில் சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால், அந்த ஒரு விநாடியை நமக்குக் கொடுத்த ஜீவனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதையாவது மறக்காமலிருக்கலாம் அல்லவா?

பஸ் வந்தது. மீன்காரர் பெட்டியை மூடினார்.