மரபணு பார்சல்

வைரஸ் இல்லாமல் மரபணுவைச் செல்லுக்குள் அனுப்ப முடியுமா? டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம். நேர்மின்னூட்டம் உள்ள பாலிமரைக் கலந்தால் இரண்டும் ஒட்டிக் குட்டி உருண்டையாகிவிடும். 1987-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் வூவும் கேத்தரின் வூவும் அந்த உருண்டையில், கல்லீரல் செல்கள் அடையாளம் காணும் ஒரு புரதத்தைச் சேர்த்தார்கள். பார்சலில் முகவரி எழுதியாயிற்று!

ஆனால் முகவரி சரியாக இருந்தும் சரக்கில் பெரும்பகுதி வீண். செல் அதை விழுங்கி, ஒரு பைக்குள் அடைத்து, அமிலம் சுரந்து செரித்துவிடும். 1995-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் ழான்-பால் பேஹ்ர் குழு பாலிஎத்திலீன்இமைனை எடுத்தது. காகித ஆலைகளில் புழங்கும் பாலிமர் அது, நம்புங்கள்! அமிலத்தை அது உறிஞ்சிக்கொள்ள, தண்ணீர் புகுந்து பை வெடிக்கும் என்பது அவர்கள் விளக்கம். (அப்படித்தான் நடக்கிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.) வேலை நன்றாகவே நடந்தது. ஆனால் அதே மின்னூட்டம் செல்லின் சவ்வையும் கெடுத்தது. பாலிமர் சங்கிலி நீள நீள மரபணுவும் நன்றாகப் போகும், செல்லும் நன்றாகவே சாகும். நோயாளிக்கு இதை எப்படிக் கொடுப்பது?

கால்டெக்கில் மார்க் டேவிஸ் வேறு வழி பிடித்தார். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையங்களைக் கோத்த பாலிமர், முகவரிக்கு டிரான்ஸ்ஃபெரின். இரும்புக்கு அலையும் புற்றுநோய் செல்களில் பல இதை ஏராளமாகப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருந்தது மரபணு அல்ல, ஒரு மரபணுவின் வாயை அடைக்கும் குட்டி ஆர்.என்.ஏ. 2008-இல் மனிதர்களுக்குச் செலுத்தினார்கள். 2010-இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது: ரத்தத்தில் ஏற்றிய துகள்கள் மெலனோமா கட்டிக்குள்ளேயே தென்பட்டன. ஆனாலும் 24 நோயாளிகளோடு சோதனை நின்றுபோனது.