சேதநனின் கர்த்ருத்வம்: ஸ்ரீபாஷ்யமும் இன்றைய நரம்பியலும்

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக் குன்றில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீநிவாஸப் பெருமாளைச் சேவிக்க, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் இராஜபாளையம் முதலான சுற்றூர்களிலிருந்து அடியார்கள் திரளாக வருகின்றனர். தென்திருப்பதி என்று போற்றப்படும் இத்தலத்தில் படியேறுகிற ஒருவனைக் குறித்து, "ஏறுகிறவன் யார்?" என்று வினவினால் விடை எளிதன்று. நேர்ந்துகொண்டவன் அவன், ஏறும் கால்கள் சரீரத்தைச் சேர்ந்தவை, வரவழைத்தவன் மலைமேல் நிற்பவனே என்பர் பெரியோர். இன்றைய நரம்பியலார் சிலரோ, மூளையே ஏற்றுகிறது, தான் ஏறுவதாக அவன் எண்ணிக்கொள்கிறான் என்பர்.

இந்த நான்காம் விடைக்கு ஒரு வரலாறு உண்டு. உலகின் ஒரு கணத்து நிலையை முற்றும் அறிந்த பேரறிவு ஒன்று இருந்தால், வருங்காலம் முழுவதையும் அது கணித்துவிடும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814-இல் எழுதினார். 1965-இல் ஜெர்மனியில் கோர்ன்ஹூபர், டீக்கே என்னும் இருவர், உடல் அசைவுக்கு முன்பே மூளையில் ஒரு மின்மாற்றம் தொடங்குவதைக் கண்டனர். 1983-இல் அமெரிக்கரான பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆய்வில், மணிக்கட்டை அசைப்பதற்கு ஏறத்தாழ 550 மில்லிவினாடி முன்னரே அம்மாற்றம் தொடங்கியது. அசைக்க வேண்டும் என்ற விருப்பத்தை அம்மனிதர் உணர்ந்ததோ சுமார் 200 மில்லிவினாடி முன்னர்தான். விருப்பத்துக்கு முன்பே மூளை செயலைத் தொடங்கிவிட்டது என்றால், விருப்பம் செயலுக்குக் காரணம் ஆகுமா என்ற ஐயம் அன்று முதல் வலுத்தது.

இந்த ஐயம் நம் பூர்வாசார்யர்களுக்குப் புதிதன்று. ஆத்மா செய்பவன் அல்லன், அசித்தான ப்ரக்ருதியின் குணங்களே செய்கின்றன என்பது ஸாங்க்ய மதம். ப்ரஹ்மஸூத்ரத்தின் இரண்டாம் அத்யாயம், மூன்றாம் பாதத்திலுள்ள கர்த்ரதிகரணத்தில் ஸ்ரீபாஷ்யகாரர் (1017–1137) இதை நிராகரிக்கிறார். ஆத்மா கர்த்தா இல்லையெனில் 'இதைச் செய், இதைச் செய்யாதே' என்னும் சாஸ்த்ரம் யாரை நோக்கியது? அசித்தை நோக்கி விதி கூறுவார் இல்லை. செய்வது புத்தி, பலனை அனுபவிப்பது ஆத்மா என்றால், ஒருவர் உழ மற்றொருவர் அறுப்பதாக முடியும். மேலும், தச்சன் கருவிகள் கையிலிருந்தாலும் வேண்டும்போது செய்கிறான், வேண்டாதபோது விடுகிறான். இச்சையற்ற புத்தி கர்த்தாவானால் செயல் ஓயாமல் நிகழவேண்டும்.

இக்காலப் பூர்வபக்ஷி இதனோடு அடங்கமாட்டான். இச்சையும் மூளையின் ஒரு நிலையே என்பான். அவனுக்கு விடை லிபெட்டின் ஆய்விலேயே உள்ளது. 550 என்ற எண்ணைக் கருவி தந்தது. 200 என்ற எண்ணைத் தந்ததோ, சுழலும் புள்ளியைப் பார்த்து "இப்போது விரும்பினேன்" என்று சொன்ன மனிதரின் வாக்கு. 'நான்' என்று தன்னை அறிபவன் ஒருவனை ஒப்புக்கொண்டால் அல்லாமல் அவ்வாய்வே நடைபெறாது. ஞாத்ருத்வம் உள்ளவனுக்கே கர்த்ருத்வமும் போக்த்ருத்வமும் என்று பிள்ளை லோகாசார்யர் தத்த்வத்ரயத்தில் நிலைநாட்டிய முறை இங்கும் பொருந்தும்.

அளக்கப்பட்ட செயலையும் நோக்கவேண்டும். காரணமின்றி மணிக்கட்டை அசைப்பதற்கு ஸங்கல்பம் என்ற பெயர் பெரிது. மலைக்கு வருபவன் நேர்ந்துகொண்டது என்றோ ஒருநாள். பின்பு ஒவ்வொரு படியிலும் அவன் புதிதாக முடிவெடுப்பதில்லை. மேலும், 2012-இல் ஷூர்கரும் உடனிருந்தோரும், அம்மின்மாற்றம் எடுத்துமுடித்த தீர்மானம் அன்று, மூளையில் இயல்பாக எழுந்தடங்கும் அலைவுகளின் திரட்சியாகவும் இருக்கலாம் என்று காட்டினர்.

எனினும் நரம்பியலைத் தள்ளிவிட நம் ஸித்தாந்தத்துக்குத் தேவையில்லை. கீதையின் பதினெட்டாம் அத்யாயம் ஒவ்வொரு செயலுக்கும் ஐந்து காரணங்களைக் கூறுகிறது: சரீரம், கர்த்தா, கரணங்கள், ப்ராணனின் வ்யாபாரங்கள், தைவம். தைவம் என்பது அந்தர்யாமியான பரமாத்மா என்பது கீதாபாஷ்யம். மூளை முன்னரே இயங்குகிறது என்றால் சரீரமும் கரணமும் தம் பங்கைச் செய்கின்றன என்பதே பொருள். தனித்து நின்று செய்பவன் ஜீவன் என்று நம் ஆசார்யர்கள் ஒருபோதும் சொன்னதில்லை.

இங்கே உண்மையான இடர் எழுகிறது. அந்தர்யாமி நியமிக்கிறான் என்றால் குற்றம் யாருடையது? பராயத்தாதிகரணத்தில் ஸ்ரீபாஷ்யகாரர் இதற்கு விடையளிக்கிறார். ஜீவனுடைய முதல் முயற்சியை எதிர்பார்த்தே எம்பெருமான் அனுமதி தந்து செயலை நடத்துகிறான். இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் மற்றவனுடைய அனுமதியின்றிப் பிறருக்குக் கொடுக்க முடியாது. ஆயினும் அனுமதியைப் பெற்றுக் கொடுத்தவன் அவனே ஆதலால் பலன் அவனைச் சேரும். அனுமதித்தவன் மேல் பழி ஏறாது. முதல் ப்ரவ்ருத்தியில் உதாஸீனன், பின்பு அனுமந்தா என்னும் இந்நிலைகளை மணவாளமாமுனிகளும் (1370–1443) தத்த்வத்ரய வ்யாக்யானத்தில் விளக்கியருளினார்.

ஆகவே நம் ஸித்தாந்தத்தில் ஸ்வதந்த்ரன், யந்த்ரம் என்ற இரண்டு வழிகள் மட்டும் இல்லை. பரதந்த்ரனான கர்த்தா என்ற மூன்றாம் வழி உண்டு. மேலைத் தத்துவத்தில் பீட்டர் வான் இன்வாகன் 1983-இல் வெளியிட்ட நூல், எல்லாம் முன்னமே நிர்ணயிக்கப்பட்டிருந்தால் செயல் நம்முடையதாகாது, நிர்ணயமின்றி நேர்ந்தாலும் அது நம்முடையதாவது விளங்கவில்லை என்னும் சிக்கலை எடுத்துவைத்தது. 1927-இல் ஹைசன்பர்க் கண்ட நிச்சயமின்மைத் தத்துவத்தைக் கொண்டு ஜீவனின் கர்த்ருத்வத்தை நிறுவ முயலும் நம்மவரும் இதைக் கருதவேண்டும். அணுவின் தற்செயல் அசைவு ஒருவனுடைய விருப்பம் ஆகாது. ஸித்தாந்தத்துக்குப் பௌதிகத்திடம் கடன் வாங்கவேண்டிய நிலை இல்லை.

இவ்விஷயத்தில் இரு கலையாருக்கும் பொது நிலம் உண்டு என்பதும் நினைக்கத்தக்கது. மர்க்கட ந்யாயம், மார்ஜார ந்யாயம் என்று வழங்கும் பேதம், மோக்ஷத்துக்குச் சேதநன் பக்கல் என்ன வேண்டும் என்பதைப் பற்றியது. ஸ்வாமி தேசிகன் (1268–1369) வ்யாஜம் வேண்டும் என்றார்; லோகாசார்யர் விலக்காமை போதும் என்றார். விலக்காதிருப்பதும் விலக்கவல்ல சேதநனுக்கே கூடும். கல்லுக்கு விலக்காமை என்று ஒன்று இல்லை.

கர்த்ருத்வத்தை மறுத்தால் பாபம் மட்டும் அழிவதில்லை. அனுதாபமும் அழியும், சரணம் என்ற சொல்லும் பொருளிழக்கும். தன்னை உகப்பிப்பதில் உறுதியுடன் முயல்பவனுக்கு, தன்னை அடைவிக்கும் செயல்களில் ருசியையும் எம்பெருமானே விளைவிக்கிறான் என்று ஸ்ரீபாஷ்யகாரர் அருளிச்செய்கிறார். திருவண்ணாமலையில் ஏறுகிறவன் தன் காலால், தன் விருப்பத்தால் ஏறுகிறான். உச்சியை அடைந்தபின் அந்த விருப்பமும் அவன் தந்தது என்று உணர்கிறான். முன்னது பொய்யானால் பின்னதற்கு நன்றி சொல்ல ஆள் இல்லை.