கைக்கு எட்டும் அலமாரி

மலர்க்குழுத் தம்பிகள், "அண்ணே, நூலகம் பத்தி ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்றார்கள். உபதேசம் செய்வதைவிட ஒரு கட்டடத்தின் கதையைச் சொல்வது மேல் என்று தோன்றியது. அது சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் கதை.

சென்னைக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் அந்த வளாகத்தைப் பார்த்திருப்பீர்கள். செனட் ஹவுஸ், மணிக்கூண்டு, வளைவும் தூணும் மாடமுமாகச் செந்நிறக் கட்டடங்கள். செனட் ஹவுஸ் சிஸம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்தது, 1879-இல் முடிந்தது. இந்தோ-சாரசெனிக் பாணி என்பார்கள். கோயில், மசூதி, மேல்நாட்டு மாளிகை மூன்றின் சாயலும் அதில் உண்டு.

ஆனால் பல்கலைக்கழக நூலகத்துக்கு நெடுங்காலம் சொந்த வீடு கிடையாது. 1928 வரை எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் ஒண்டுக்குடித்தனம். பிறகு செனட் ஹவுசில். 1936 செப்டம்பர் 3-ஆம் தேதிதான் கடற்கரை வளாகத்தில் தனக்கென்று எழுந்த கட்டடத்தில் குடியேறியது.

அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார், எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924 ஜனவரியில் முதல் நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, "இந்தத் தனிமை நமக்கு ஆகாது, வகுப்புக்கே திரும்பிடலாம்" என்று பழைய கல்லூரி முதல்வரிடம் போய் நின்றவர்தான்! முதலில் இங்கிலாந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பி வைத்தார்கள். லண்டனை அடுத்த குராய்டன் நூலகத்தில் சாதாரண ஜனங்கள் அலமாரி வரைக்கும் போய்த் தாங்களே புத்தகம் எடுப்பதைப் பார்த்தார். 1925-இல் திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார்.

1931-இல் அவர் எழுதிய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' உலகமெங்கும் நூலகர்களுக்குப் பாடநூலாயிற்று. புத்தகம் பூட்டி வைக்க அல்ல, பயன்படுத்தத்தான் என்பது முதல் விதியின் சாரம். பார்த்தால் ரொம்பச் சின்ன விஷயம். ஆனால் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்!

இந்த விதியைக் கட்டடத்துக்குள் கொண்டு வந்தால் என்ன ஆகும்? அலமாரி, சராசரி உயரமுள்ளவர் வெறுந்தரையில் நின்று கை நீட்டினால் எட்டும் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்றார் ரங்கநாதன். ஏணி தேவைப்பட்டால் அந்தப் புத்தகம் பாதி பூட்டிய புத்தகம்தானே. நூலகம் வளரும் உயிர் என்பது ஐந்தாவது விதி. அப்படியானால் கட்டடத்திலும் வளர இடம் விட்டிருக்க வேண்டும். இந்திய நூலகக் கட்டடங்களுக்கான தர விதிமுறை 1960-இல் வெளிவந்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மாடமும் தூணும் கண்ணுக்கு. அலமாரியின் உயரம் வாசகனுக்கு.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் காலத்தில் நான் போய்ப் பழகிய ஒரு நூலகத்தில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம்தான் நாங்கள். "என்னப்பா வேணும்? சீட்டு எழுதிக் குடு." பெயர் தெரிந்த புத்தகத்தைத்தானே சீட்டில் எழுத முடியும்? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைக்கு எத்தனை புத்தகத்தின் பெயர் தெரியும்? திறந்த அலமாரி அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் வேண்டும். தேடாத புத்தகம் கண்ணில் படுவதற்கு அதைவிட்டால் வழியில்லை.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்று வழி இருக்கிறது. உசிலம்பட்டியில் பஸ் ஏறினால் கருமாத்தூர், செக்கானூரணி தாண்டியதும் நாகமலை அடிவாரத்தில் நம் பல்கலைக்கழகம். 1966-இல் தொடங்கியபோது முதல் துணைவேந்தராக இருந்த தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் பெயரில்தான் அங்கே நூலகம். மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கிறது. பெரிய கட்டடத்தைப் பார்த்ததும் "இது நமக்கில்லை" என்று வாசலோடு திரும்பிவிடாதீர்கள். உங்களைப் போன்றவர் உள்ளே வரவேண்டும் என்பதற்காகத்தான் ஒரு கணக்கு வாத்தியார் அலமாரியின் உயரத்தைக் குறைத்தார்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடும்போது நம் கல்லூரி நூலகத்துக்கு அலமாரி வாங்கித் தரலாம் என்று பேசுகிறோம். நல்ல காரியம். வாங்குகிறவர்கள் ஒரு முதலாமாண்டுப் பிள்ளையை அருகில் நிறுத்தி, மேல்தட்டு வரை கை எட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கதவுக்குப் பூட்டு இல்லாமல் வாங்கினால் இன்னும் நல்லது.