48 மணி நேரத்தில் கைமாறிய ஓட்டுப்பெட்டி

பேங்க் வேலையே போன்ல முடியுது, ஓட்டு மட்டும் ஏன் முடியலைன்னு கேக்கறீங்களா? 2010-ல் வாஷிங்டன் டிசி அதை முயற்சி செய்தது: வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர்களுக்கு ஆன்லைன் ஓட்டு. நல்லவேளை, தேர்தலுக்கு முன்னாடியே 'முடிஞ்சா உடைச்சுப் பாருங்க'ன்னு பொதுச் சோதனைக்குத் திறந்துவிட்டாங்க.

மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேன் மாணவர்களோடு இறங்கினார். அப்லோடு செய்யும் வாக்குச்சீட்டு ஃபைலின் பெயருக்குள் ஒரு கமாண்டை ஒளித்தார்கள். சர்வர் அதை அப்படியே இயக்கியது. 48 மணி நேரத்துக்குள் சர்வர் அவர்கள் கையில். சோதனை ஓட்டு அத்தனையும் மாறியது. ஓட்டு போட்டு முடித்தால் மிச்சிகன் பல்கலைக்கழகப் பாட்டு ஒலித்தது! அப்படியும் அதிகாரிகள் கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட இரண்டு வேலை நாள் ஆனது. ஆன்லைனில் ஓட்டு வாங்கும் திட்டம் கைவிடப்பட்டது.

அக்கவுன்ட்ல பணம் குறைஞ்சா ஸ்டேட்மென்ட் காட்டிக்கொடுக்கும். ஓட்டு ரகசியம், மாத்தினா யார் காட்டிக்கொடுப்பாங்க?