அமெரிக்கக் கடற்படை: உத்தியும் பட்ஜெட்டும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படையில் உத்தி வகுத்தவர்கள் ஒருபுறமும் கணக்குப் பார்த்தவர்கள் மறுபுறமும் இருந்தனர். உத்தி பல்லாண்டுகளைக் கருதியது. பட்ஜெட் ஓராண்டோடு முடிந்தது. 1949 ஏப்ரலில் ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற பெரும் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டத் தொடங்கிய ஐந்தே நாளில் பாதுகாப்பு அமைச்சர் லூயி ஜான்சன் அதை ரத்து செய்ததும், கடற்படைச் செயலர் ஜான் சல்லிவன் பதவி விலகியதும் அந்தப் பிளவு முற்றியதன் அடையாளம். 1961இல் அமைச்சரான ராபர்ட் மெக்நமாரா, பொருளியலாளர் சார்லஸ் ஹிட்சின் துணையோடு இரண்டுக்கும் நடுவே ஐந்தாண்டுச் செயல்திட்டம் என்ற படியைச் சேர்த்தார். முறை ஒழுங்கானது. ஆனால் எந்த உத்திக்குப் பணம் கிடைக்கும் என்பதை அது மட்டும் தீர்மானித்துவிடவில்லை. எதைக் கைவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொன்ன உத்திகளே நிலைத்தன.

1970 முதல் 1974 வரை கடற்படைத் தளபதியாக இருந்த எல்மோ சம்வால்ட் அப்படிச் சொன்னவர். போர்க்காலத்துப் பழைய கப்பல்களை நூற்றுக்கணக்கில் ஓய்வுக்கு அனுப்பி, மிச்சமாகும் பணத்தில் விலையுயர்ந்த சில கப்பல்களையும் மலிவான பலவற்றையும் கலந்து கட்டத் திட்டமிட்டார். 1981இல் கடற்படைச் செயலரான ஜான் லேமனின் வழி வேறு. 600 கப்பல், 15 விமானந்தாங்கிகள் என்ற இலக்கை முதலில் முழங்கினார். அதற்கு நியாயம் கூறிய ‘கடல்சார் உத்தி’ 1986இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதன் வேர்கள் 1970களிலேயே இருந்தன என்பது உண்மைதான். இருந்தும் பணம் பெருகிய காலத்தில் எதையும் விட்டுக்கொடுக்கும் தேவை அதற்கு எழவில்லை. எண்ணிக்கை 600ஐ நெருங்கி நின்றது. 1988 பிப்ரவரியில், 16 ஃபிரிகேட் கப்பல்களைக் குறைக்கும் முடிவை ஏற்காமல் அடுத்த செயலர் ஜேம்ஸ் வெப் விலகினார்.

சோவியத் ஒன்றியம் சரிந்ததால்தான் அந்த இலக்கு வீழ்ந்தது என்பார்கள். வெப் விலகியபோது பெர்லின் சுவர் அசையாமல் நின்றது. நாடாளுமன்றம் பற்றாக்குறையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை 1985இலேயே இயற்றியிருந்தது. முன்வந்து தியாகம் செய்கிறவருக்குக் கைம்மாறு கிடைப்பதில்லை என்ற மறுப்பு இதைவிட வலுவானது. சம்வால்ட் விரும்பிய சிறிய விமானந்தாங்கிக்கு நாடாளுமன்றம் பணம் தரவில்லை. பழைய கப்பல்களோ அதற்குள் போய்விட்டன. ஆனாலும் அதே திட்டத்தில் பிறந்த பெரி வகை ஃபிரிகேட்டுகள் அவர் ஓய்வுபெற்ற பிறகும் வந்துகொண்டிருந்தன. அமெரிக்கக் கடற்படைக்கு மட்டும் 51. மெக்நமாராவின் முறை 2003இல் பெயர் மாறியது. அதை மாற்றிப் புதிய முறை வேண்டும் என்று நாடாளுமன்றம் அமைத்த குழு 2024இல் பரிந்துரைத்தது. முறை எதுவானாலும் பணம் ஒதுக்கும் அதிகாரம் இன்றும் நாடாளுமன்றத்திடமே இருக்கிறது, பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு.