நெப்போலியன் – ஜோசபின்: படத்தில் தொலைந்த ஆறு வயது

ரிட்லி ஸ்காட் 2023-ல் எடுத்த 'நெப்போலியன்' படத்தைப் பத்திப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: பிரமிடு மேல பீரங்கியால சுட்டாரா? சுடல. அரசி மரீ அன்துவானெத் தலையை வெட்டினப்போ அவர் பாரிஸ்லயே இல்ல. சினிமாதானே, போகட்டும். என்னுடைய மனத்தாங்கல் வேற.

படத்தில் ஜோசபினாக வரும் வனெசா கிர்பி, நெப்போலியனாக வரும் ஹோக்கின் ஃபீனிக்ஸை விட 13 வயது இளையவர். நிஜத்தில் ஜோசபின்தான் ஆறு வயது மூத்தவர். அந்தக் கல்யாணத்தின் மொத்தச் சிக்கலும் இந்த ஆறு வயதில்தான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

1794-ல் அவருடைய முதல் கணவரை கில்லட்டினில் கொன்றார்கள். அவரும் சிறையில்தான் இருந்தார். ரோபஸ்பியர் வீழ்ந்ததால் தப்பித்தார். கையில் இரண்டு பிள்ளைகள். 1796 மார்ச்சில் மறுமணம். அப்போ அவருக்கு 32, நெப்போலியனுக்கு 26. பதிவேட்டில் அவர் நாலு வயதைக் குறைத்தார், இவர் ஒன்றரை வயதைக் கூட்டினார். காகிதத்தில் ரெண்டு பேருக்கும் 28! இரண்டே நாளில் மாப்பிள்ளை இத்தாலிப் போருக்குப் புறப்பட்டுவிட்டார்.

மனைவியின் துரோகம் தெரிந்துதான் எகிப்திலிருந்து ஓடி வந்ததாகப் படம் காட்டுது. ஆனா அவருக்கு விஷயம் தெரிந்தது 1798 ஜூலையில். அண்ணனுக்குப் புலம்பி எழுதின கடிதத்தை ஆங்கிலேயர்கள் வழியிலேயே பிடித்து, லண்டன் பத்திரிகையில் போட்டு மானத்தை வாங்கினார்கள். அவர் கப்பலேறியது 1799 ஆகஸ்டில். மனைவிக்காகத் திரும்புறவர் 13 மாதம் காத்திருப்பாரா? நடுவில் கெய்ரோவில் ஒரு அதிகாரியின் மனைவியோடு இவரே உறவு வைத்திருந்தார். அவரைத் திரும்ப வைத்தது பாரிஸ் அரசியல்தான்.

1806 டிசம்பரில் வேறொரு பெண்ணிடம் இவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. குறை தன்னிடம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அதோட ஜோசபின் கதை முடிஞ்சுது.

ஆனா விவாகரத்து பண்ணச் சட்டம் விடணுமே? 1804-ல் இவரே கொண்டு வந்த குடிமைச் சட்டம், மனைவிக்கு 45 வயது ஆகிவிட்டால் பரஸ்பர சம்மத விவாகரத்து கிடையாதுன்னு அப்போ சொல்லுச்சு. வயதான பெண்ணைத் தெருவில் விடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. 1809 டிசம்பரில் ஜோசபினுக்கு 46. கல்யாணப் பதிவேட்டின்படி பார்த்தால் 42! கடைசியில் செனட்டே தனித் தீர்மானம் போட்டு அந்த மணத்தைக் கலைத்தது. இந்தக் கூத்து படத்தில் இருந்திருந்தால் எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!

அதற்குப் பதில், படம் அந்தச் சபையில் ஒரு அறையைக் காட்டுது. அப்படி ஒண்ணு நடந்ததுக்கு ஆதாரம் கிடையாது. சம்மத அறிக்கையைப் படிக்க ஆரம்பித்த ஜோசபினுக்குக் குரல் அடைத்துப்போய், மிச்சத்தை ஒரு அதிகாரி படித்து முடித்தார். எனக்கு அந்த அறையை விட இதுதான் வலிக்குது.

1814 மே 29-ல் ஜோசபின் இறந்தார். நெப்போலியனின் ஒரே சட்டபூர்வ மகன் 21 வயதில் வாரிசில்லாமல் போனான். 1852-ல் மூன்றாம் நெப்போலியனாக அரியணை ஏறியவர், வாரிசு தரலைன்னு ஒதுக்கப்பட்ட அதே ஜோசபினின் மகள் வயிற்றுப் பேரன்.