என்-கதிர்கள்: அறிவியல் போலி அறிவியலாகும் இடம்

என்-கதிர்கள் என்பவை பிரெஞ்சு இயற்பியலாளர் ரெனே பிளாண்ட்லோ 1903 ஆம் ஆண்டு கண்டதாக அறிவித்த கதிர்கள் ஆகும். அவர் பணியாற்றிய நான்சி நகரின் முதல் எழுத்தே அவற்றின் பெயராயிற்று.

1895 இல் எக்ஸ் கதிர்களும் 1896 இல் கதிரியக்கமும் கண்டறியப்பட்டிருந்ததால், இன்னொரு புதிய கதிரை நம்புவது அன்று எளிதாக இருந்தது. பிளாண்ட்லோ ஏமாற்றுக்காரர் அல்லர். மதிப்புப் பெற்ற ஆய்வாளர். என்-கதிர் பட்டால் மங்கலான மின்பொறி சற்றுக் கூடுதலாக ஒளிரும் என்றார். இருட்டறையில் அந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கண்ணாலேயே மதிப்பிட்டனர். பிரான்சில் பலர் கதிரைக் கண்டதாக எழுதினர். பிற நாடுகளில் பலருக்குத் தென்படவில்லை.

1904 இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் நான்சிக்குச் சென்றார். சோதனையின்போது, கதிரைப் பிரிப்பதாகக் கருதப்பட்ட அலுமினியப் பட்டகத்தை இருட்டில் ஒருவரும் அறியாமல் எடுத்துவிட்டார். அப்போதும் முன்பு சொன்ன அளவுகளே சொல்லப்பட்டன. இதை அவர் நேச்சர் இதழில் எழுதினார்.

பின்னர், ஒரே தோற்றமுடைய மூடிய பெட்டிகளில் கதிர் வருவது எதிலிருந்து எனக் கண்டறியுமாறு பிரெஞ்சு இதழ் ஒன்று பிளாண்ட்லோவைக் கேட்டது. அவர் மறுத்துவிட்டார்.

1903 இல் நேர்ந்தது பிழை. பிழை எந்த ஆய்வாளருக்கும் நேரக்கூடியதே. சோதனையை மறுத்தபோதுதான் அந்த ஆய்வு எல்லையைக் கடந்தது.